நிலமும் மனமும்: சூழல் உளவியல் வெளியீடுகளும் தீவகமும்

சூழல் உளவியல் என்னும் துறையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1969ஆம் ஆண்டிலிருந்தே தம் கணக்கைத் தொடங்குவர். அவ்வாண்டிலேதான் 'சூழலும் நடத்தையும்' என்று பொருள்படும் பெயருடைய ஆங்கில ஆய்விதழ் அமெரிக்காவில் வெளிவரத் தொடங்கிற்று. 1981இல் 'சூழல் உளவியல் ஆய்விதழ்' தோன்றியது. இவ்விரண்டிலும் வெளியான கட்டுரைகளை வகுத்தும் எண்ணியும் துறையின் போக்கை மதிப்பிடுவது பிற்கால ஆய்வாளரின் வழக்கமாயிற்று. இத்தாலிய ஆய்வாளரான ஜூலியானியும் ஸ்கோப்பெலிற்றியும் 2009இல் வெளியிட்ட மதிப்பீடு அவ்வகையினது. முதல் இதழ் தோன்றிய 1969இலிருந்து 2007 வரையிலான ஏறத்தாழ நாற்பது ஆண்டு விளைச்சலை அவர்கள் அளந்து பார்த்தனர்.

எண்ணிப் பார்ப்பது பயனுள்ள வேலையே. ஆயின் எந்தக் களஞ்சியத்தில் உள்ளதை எண்ணுகிறோம் என்பதும் கேட்கவேண்டிய கேள்வியாகும். யாழ்ப்பாணத்துத் தீவகத்திலே நின்று பார்ப்பவருக்கு இக்கணக்கு வேறு வகையாகத் தோன்றும். வேலணையைச் சேர்ந்த சாட்டியும் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனும் ஒரே தீவில் உள்ள ஊர்கள். கரம்பனிலே பிறந்த ஒருவர் 1940களின் பிற்பகுதியிலேயே நிலக்காட்சிக்கும் மனித உணர்வுக்கும் இடையிலுள்ள உறவைத் தம் ஆய்வுப் பொருளாகக் கொண்டார். அதனை உலகறியச் செய்ய 1952இல் ஓர் ஆங்கில ஆய்விதழையும் நிறுவினார். மேற்கூறிய கணக்குகளில் அவருக்கு இடமில்லை. அது யாருடைய சூழ்ச்சியுமன்று. அறிவு எந்தெந்த வாய்க்கால்களிலே பாய்ந்தது என்பதன் விளைவு அது. அவ்வாய்க்கால்களை ஆராய்வதே இங்கு நோக்கம்.

துறையின் முன்வரலாறு 1969க்கு நெடுநாள் முற்பட்டது. 1688இல் பாசெல் நகரத்திலே ஜொஹானஸ் ஹோபர் என்னும் மருத்துவ மாணவர், ஊரைப் பிரிந்த ஏக்கத்தை ஒரு நோயாகக் கருதி, அதற்குக் கிரேக்கச் சொற்களைக் கொண்டு 'நொஸ்டல்ஜியா' என்று பெயரிட்டு ஆய்வேடு எழுதினார். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், 1658இல், ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியிருந்தனர். அவர்கள் தீவுகளுக்கு இட்ட பெயர்கள் இத்தொடர்பில் நினைக்கத்தக்கவை. வேலணைத் தீவு லைடன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரர்டாம், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்வ்ற். வணிகத்துக்காக உலகின் மறுகோடிக்கு வந்தவர்கள் தம் சொந்த நகரங்களின் பெயர்களை முன்பின் அறியாத மணல் திட்டிகளுக்குச் சூட்டினர். அதனை அதிகாரத்தின் அடையாளம் என்று மட்டும் கொள்வதா, ஹோபர் கண்ட நோயின் ஒரு குறி என்றும் கொள்வதா என்பது படிப்பவர் விருப்பம். இன்று டெல்வ்ற் தவிர மற்றவை பெரும்பாலும் ஏட்டளவில் நின்றுவிட்டன.

1911இல் செருமானிய மருத்துவரும் உளவியலாளருமான வில்லி ஹெல்பாக் வானிலை, காலநிலை, நிலக்காட்சி ஆகியவை மன வாழ்வின்மேல் செலுத்தும் செல்வாக்கைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியத்திற் படித்த தமிழ் மாணவர் எவருக்கும் இந்தப் பொருளடக்கம் அந்நியமாகத் தோன்றாது. பின்னர் 1943இல் எகோன் புருன்ஸ்விக் 'சூழல் உளவியல்' என்ற தொடரைக் கையாண்டார். 1947இல் ரோஜர் பார்க்கர் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்திலுள்ள ஒஸ்கலூசா என்னும் சிற்றூரிலே ஒரு கள ஆய்வு நிலையத்தை அமைத்தார். அது 1972 வரை நடந்தது. மனிதரை ஆய்வுகூடத்துக்கு அழைத்து வினாவுவதை விடுத்து, கடையிலும் தேவாலயத்திலும் பள்ளிக்கூடத்திலும் அவர்கள் எவ்வாறு நடக்கின்றனர் என்பதைப் பார்க்கரும் அவருடைய உதவியாளரும் நாள் முழுதும் குறித்து வந்தனர். ஒருவருடைய குணத்தைக் காட்டிலும் அவர் நிற்கும் இடமே அவருடைய நடத்தையைத் திட்டமாக முன்னுரைக்கிறது என்பது அவர் கண்ட முடிபு. கோயில் வீதியிலே நிற்கும் ஒருவரையும் அவரே சந்தையிலே நிற்கும்போதும் பார்த்தவர்களுக்கு இது புதுமையன்று. ஆயினும் அதனை முறைப்படி எழுதிவைத்தவர் பார்க்கரே.

1950களிலும் 1960களிலும் இத்துறைக்கு உரமிட்டவை மருத்துவமனைகளும் நகரங்களும் ஆகும். கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்து மனநோய் மருத்துவமனையிலே முதியோர் விடுதியின் நாற்காலிகள் சுவரோரமாக வரிசையாய் இடப்பட்டிருந்தன. பக்கத்தில் இருப்பவரின் முகத்தைக்கூட நோயாளர் காண்பதில்லை. நாற்காலிகளை மேசைகளைச் சுற்றி இட்டதும் அவர்கள் ஒருவரோடொருவர் பேசத் தலைப்பட்டனர் என ரொபர்ட் சோமர் எழுதினார். இவ்வளவு எளிய செய்தி ஒரு துறையின் பிறப்புக்குக் காரணங்களுள் ஒன்றாயிற்று. கட்டடக் கலைஞர் உளவியலாளரை நாடினர். 1968இல் சூழல் வடிவமைப்பு ஆய்வுச் சங்கம் அமெரிக்காவில் தோன்றிற்று. 1970இல் புரொஷான்ஸ்கியும் அவருடைய நண்பர்களும் தொகுத்த பெருநூல் வெளிவந்தது. 1973இல் கெனத் கிரைக் எழுதிய மதிப்பீட்டுக் கட்டுரை உளவியலின் ஆண்டு மலரிலே இத்துறைக்குத் தனி இருக்கை தந்தது.

அதன்பின் வெளியீடுகளின் போக்கு உலக நிகழ்வுகளோடு சேர்ந்தே மாறிற்று. தொடக்க ஆண்டுகளில் நெரிசல், இரைச்சல், தனியார் வெளி, மருத்துவமனை, சிறைச்சாலை, மாணவர் விடுதி என்பனவே பெரும்பாலும் பேசப்பட்டன. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் எரிபொருட் சிக்கனம் ஆய்வுப் பொருளாயிற்று. 1984இல் ரொஜர் உல்றிச், பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்ற 46 நோயாளரின் பதிவேடுகளை ஒப்பிட்டு, யன்னலுக்கு வெளியே மரங்களைக் கண்டவர்கள் செங்கற் சுவரைக் கண்டவர்களிலும் விரைவாக வீடு திரும்பினர் என்று காட்டினார். அச்சிறு கட்டுரை ஒரு பெரும் வெள்ளத்துக்கு மடை திறந்தது. இயற்கை மனத்துக்கு இளைப்பாறுதல் தருகிறது என்ற கருத்தைச் சுற்றி எழுந்த கட்டுரைகள் அடுத்த பதின்மங்களில் பெருகின. 1990களின் பின்னர்ச் சூழலைக் காக்கும் நடத்தையும், அதன் தொடர்ச்சியாகக் காலநிலை மாற்றமும் முன்வரிசைக்கு வந்தன. கட்டடத்திலே பிறந்த துறை காட்டுக்குச் சென்று, அங்கிருந்து வானத்தை நோக்கியது எனலாம்.

இவ்வளவிலும் மாறாத ஒன்று உண்டு: ஆராயப்பட்டவர் யார் என்பது. 2008இல் ஜெப்ரி ஆர்னெற் அமெரிக்க உளவியற் சங்கத்தின் 6 இதழ்களை ஆராய்ந்தார். 2003க்கும் 2007க்கும் இடையில் அவற்றில் ஆராயப்பட்டவர்களுள் 68 வீதத்தினர் அமெரிக்கர். மேலைத்தேயக் கைத்தொழில் நாடுகள் அனைத்தையும் சேர்த்தால் 96 வீதம். அவை சூழல் உளவியலுக்கே உரிய இதழ்களல்ல. எனினும் பொது உளவியலின் நிலை இதுவாயின் அதன் இளைய கிளையின் நிலையை ஊகிப்பது கடினமன்று. தெற்காசியாவிலிருந்து முயற்சிகள் இல்லாமற் போகவில்லை. நெரிசலின் உளவியல் விளைவுகளைப் பற்றி உதய் ஜெயின் இந்தியாவிலிருந்து எழுதிய நூல் 1987இல் வெளிவந்தது. கூட்டம் என்றால் துன்பமே என்று எலிகளைக் கொண்டு மேலைநாட்டார் கண்ட முடிபை இந்திய வீடுகளிலும் திருவிழாக்களிலும் உரைத்துப் பார்க்கவேண்டிய தேவை அத்தகையோருக்கு இருந்தது. கங்கைக் கரையின் மாக மேளாவிலே, பெருங்கூட்டத்தின் நடுவே, குளிரிலும் இரைச்சலிலும் ஒரு மாதம் தங்கியவர்களின் உடல்நலமும் மனநலமும் குன்றவில்லை, மாறாக மேம்பட்டன என்று இந்திய, பிரித்தானிய ஆய்வாளர் 2012இல் காட்டியது இவ்வழியில் வந்த அரிய பேறாகும்.

இனிக் கரம்பனுக்கு வருவோம். சேவியர் தனிநாயகம் அடிகள் 1913இல் அங்கே பிறந்தவர். றோமிலே சமயக் கல்வி கற்று, திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆசிரியராயிருந்தபோதே அவர் தமிழை முறையாகக் கற்றார். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே அவர் மேற்பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது பண்டைத் தமிழ்ப் பாட்டில் இயற்கை பெறும் இடம். அந்த ஆய்வு 1950களின் தொடக்கத்தில் தூத்துக்குடியிலிருந்து ஆங்கில நூலாக வந்து, பின்னர்த் திருத்தம் பெற்று, 'நிலக்காட்சியும் கவிதையும்' என்று பொருள்படும் பெயருடன் 1966இல் பம்பாயிலிருந்து வெளியாயிற்று. கிரேக்கரும் உரோமரும் வடமொழியாளரும் இயற்கையை எவ்வாறு பாடினர் என்பதோடு ஒப்பிட்டு, சங்கப் புலவர் நிலத்தை மனித உணர்வின் களமாகக் கண்டமையை அவர் அதிலே விளக்கினார். 1952இல் அவர் தொடங்கிய 'தமிழ்க் கல்ச்சர்' இதழ் 1966 வரை நடைபெற்றது. 'சூழலும் நடத்தையும்' தோன்றியபோது அது நின்று மூன்றாண்டுகள் ஆகிவிட்டன.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். திணைக் கோட்பாடே சூழல் உளவியல், அதனைத் தமிழர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டனர் என்று முழங்குவது மேடைக்கு உதவலாம், ஆய்வுக்கு உதவாது. குறிஞ்சிக்குப் புணர்தலும் நெய்தலுக்கு இரங்கலும் உரியன என்பது ஒரு கவிதை மரபு. நெய்தல் நிலத்தில் வாழ்ந்தவர்கள் எந்நேரமும் இரங்கிக்கொண்டிருந்தார்கள் என்று அதற்குப் பொருளில்லை. தொல்காப்பியமே உரிப்பொருள் ஒழிந்தவை தம் எல்லை கடந்து மயங்குவதற்கு இடந்தருகிறது. 1967இல் ஏ. கே. இராமானுஜன் தம் மொழிபெயர்ப்புத் தொகுதிக்கு 'அகநிலக்காட்சி' என்று பொருள்படத் தலைப்பிட்டு இம்மரபின் நுட்பத்தை ஆங்கில வாசகருக்கு உணர்த்தினார். 1974இல் கார்த்திகேசு சிவத்தம்பி திணையை வேறு பக்கமாகத் திருப்பினார். ஐந்திணைக்குப் பின்னால் இருப்பது சமமற்று வளர்ந்த பொருளாதாரம், உழைப்பின் வேறுபாடு என்பது அவர் வாதம். நிலம் மனத்தை ஆக்குகிறது என்று நேர்கோடு இழுப்பதைக் காட்டிலும் நிலத்தில் மனிதர் என்ன தொழில் செய்தனர், யார் யாருக்காகச் செய்தனர் என்று கேட்பது பொருத்தம் என்பதைச் சிவத்தம்பியிடம் கற்கலாம்.

தனிநாயகமோ இராமானுஜனோ சிவத்தம்பியோ உளவியல் இதழ்களுக்கு எழுதியவர்களல்லர். புரொஷான்ஸ்கியும் கிரைக்கும் தமிழியல் இதழ்களைத் தேடிப் படிக்கக் காரணமுமில்லை. சமூக அறிவியல் மேற்கோள் அட்டவணை 1973இல் ஏற்பட்டபின் ஒரு துறையின் எல்லையை அட்டவணையே காட்டத் தொடங்கிற்று. அட்டவணையில் ஏறிய இதழ் எண்ணப்படும், ஏறாதது எண்ணப்படாது. தமிழில் எழுதப்பட்டவை பெரும்பாலும் ஏறாதவை. இவ்வாறு ஒரே வினாவை எழுப்பிய இரு மரபுகள் ஒன்றையொன்று அறியாமலே வளர்ந்தன.

அவை சந்தித்திருந்தால் என்ன பயன் விளைந்திருக்கும் என்பதற்குக் கடலே நல்ல எடுத்துக்காட்டு. 2010இல் மத்தியூ வைற்றும் பிறரும் 'நீல வெளி' பற்றி எழுதிய கட்டுரை, நீர் தோன்றும் காட்சிகளை மக்கள் பெரிதும் விரும்புகின்றனர், அவை மனச்சோர்வைப் போக்கும் என்று கருதுகின்றனர் எனக் காட்டியது. அதன்பின் கடற்கரை மனநலத்துக்கு நல்லது என்பது ஒரு தனிக் கிளையாக விரிந்தது. சாட்டிக்கு வார இறுதியில் வருவோர் அக்கட்டுரையைப் படிக்காமலே அதற்குச் சான்று கூறுவர். வெண்மணல், ஆழமற்ற நீர், குடும்பத்தோடு குளித்துக் கரையேறும் மகிழ்ச்சி. ஆனால் அதே சாட்டியிலேதான் சிந்தாத்திரை மாதாவின் கோயில் இருக்கிறது. கடலிற் செல்வோரைக் காப்பவள் என்று வணங்கப்படும் மாதா அவள். கடல் இளைப்பாறும் இடமாக மட்டும் இருந்திருந்தால் அங்கே ஒரு காவல் தெய்வத்துக்குத் தேவை இருந்திராது. நெய்தல் திணையின் இரங்கல், கரையிலே நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருப்பவளின் மனநிலை. குளிக்க வந்தவரின் கடலும், வலை இழுப்பவரின் கடலும், போனவரை எதிர்பார்த்திருப்பவரின் கடலும் ஒன்றல்ல. போர்க்காலத்திலே கடற்படைத் தடைகளுக்குள் வாழ்ந்த தீவக மீனவருக்கு நான்காவது கடலொன்றும் இருந்தது. வினாக்கொத்தில் 'கடலைக் கண்டால் உமக்கு எவ்வாறு தோன்றுகிறது' என்று ஒரு வரியிற் கேட்பவர் இவற்றுள் எதற்கு விடை பெறுகிறார் என்பது தெளிவன்று. திணை மரபை அறிந்தவர் அக்கேள்வியைக் கேட்குமுன் 'யார், எப்பொழுது, என்ன தொழிலில்' என்று கேட்டிருப்பார்.

இடத்தோடுள்ள பற்று பற்றிய ஆய்வுகளே தீவகத்தின் வாழ்வை நேராகத் தொடுவன. இக்கிளையின் தொடக்கம் ஒரு துயரமாகும். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்து மேற்குப் பகுதியிலே ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு 1950களின் இறுதியில் நகரச் சீரமைப்புக்காக இடிக்கப்பட்டது. சேரி ஒழிந்தது என்று அதிகாரிகள் மகிழ்ந்தனர். வெளியேற்றப்பட்டவர்களைச் சந்தித்த மார்க் பிரைட், பெண்களுள் ஏறத்தாழ அரைவாசிப் பேரும், ஆண்களுள் கணிசமானோரும், உற்றாரை இழந்தவர் போலவே துக்கங் காத்ததைக் கண்டார். 'இழந்த வீட்டுக்காக அழுதல்' என்னும் கருத்துப்பட அவர் எழுதிய கட்டுரை 1963இல் வெளிவந்தது. 1983இல் புரொஷான்ஸ்கி முதலியோர் 'இட அடையாளம்' என்னும் கருத்தை முன்வைத்தனர். 1992இல் ஆல்ற்மனும் லோவும் 'இடப்பற்று' பற்றிய கட்டுரைகளைத் தொகுத்தனர். 2011இல் போலந்து நாட்டு மரியா லெவிக்கா நாற்பது ஆண்டு எழுத்துக்களைத் திரட்டிப் பார்த்தபோது, 120க்கு மேற்பட்ட இதழ்களில் ஏறத்தாழ 400 கட்டுரைகள் இப்பொருள் பற்றி இருந்தன.

அந்த 1992ஆம் ஆண்டுத் தொகுதி அச்சிலே இருந்த காலத்தில் தீவகம் வெறிச்சோடிக் கிடந்தது. 1990, 1991ஆம் ஆண்டுகளின் படை நடவடிக்கைகளால் வேலணை, ஊர்காவற்றுறை, மண்டைதீவு, புங்குடுதீவு முதலிய ஊர்களின் மக்கள் பெரும்பாலும் இடம்பெயர்ந்தனர். குடாநாட்டில் அகதிகளாய்த் தங்கியவர்கள் 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தாரோடு சேர்ந்து மீண்டும் இடம்பெயர நேர்ந்தது. வன்னிக்குச் சென்றோர் பலர். கொழும்புக்கும் கடல் கடந்தும் சென்றோர் பலர். பொஸ்ரனில் ஒரு குடியிருப்பு இடிந்தபோது அருகிலே உளவியலாளர் இருந்தனர். தீவகம் வெறுமையானபோது, குண்டுவீச்சுக்கும் மருந்துத் தட்டுப்பாட்டுக்கும் நடுவே, யாழ்ப்பாணத்திலே ஒரு சில மனநல மருத்துவர்களே இருந்தனர்.

அவர்களுள் முதன்மையானவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம். அவருடைய 'வடுப்பட்ட உள்ளங்கள்' எனப் பொருள்படும் ஆங்கில நூல் 1998இல் வெளிவந்தது. 2007இல் வட இலங்கையின் கூட்டு மனவடுவைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை தன்னை 'உளசமூகச் சூழலியல்' ஆய்வு என்று அழைத்துக்கொண்டது. தனி மனிதரின் நோயை மட்டும் அளக்கும் மேலை மருத்துவக் கருவிகள் போதா. குடும்பமும் ஊரும் நோயுற்றிருக்கின்றன என்பது அதன் சாரம். ஊரும் அதன் மக்களும் அதன் வழக்கங்களும் சுற்றுச்சூழலும் மனிதரை வேர்போலத் தாங்கின. அவ்வேர் அறுந்ததே ஆழமான காயம் என்று அவர் விளக்கினார். சூழல் உளவியலாளர் சொல்ல முயன்றது இதுவே. ஆயின் அது மனநல மருத்துவ இதழில் வந்தது; இடப்பற்று பற்றிய தொகுப்புரைகளை எழுதுவோர் வழக்கமாகத் தேடும் இடம் அதுவன்று.

'ஊர்' என்ற சொல்லின் ஆழத்தை ஆங்கிலத்தில் முதன்முதலாக விரித்து எழுதியவருள் ஒருவர் இலங்கையிற் பிறந்த மானிடவியலாளரான வலன்ரைன் டானியல். திருச்சிராப்பள்ளிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலே களஆய்வு செய்து 1984இல் வெளியிட்ட நூலில், ஊரும் கிராமமும் ஒன்றல்ல என்று அவர் காட்டினார். கிராமம் அரசாங்கத்தின் வரைபடத்தில் உள்ளது. எல்லோருக்கும் அது ஒன்றே. ஊர் பேசுபவரைப் பொறுத்தது. அதன் மண்ணின் குணம் அங்கு விளைந்ததை உண்டவரின் உடம்பிலே சேர்கிறது என்று மக்கள் நம்புகின்றனர். எனவேதான் ஒரு மண் ஒருவருக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்கின்றனர். இலண்டனிலோ ரொரன்ரோவிலோ சந்திக்கும் இரு யாழ்ப்பாணத்தவர் பெயருக்கு அடுத்தபடியாக 'நீங்கள் எவ்விடம்' என்று கேட்பதன் பொருளை டானியலின் நூல் நன்கு உணர்த்தும்.

2005இல் அவுஸ்திரேலியரான கிளென் அல்பிறெக்ற் 'சொலஸ்டல்ஜியா' என்னும் புதுச்சொல்லை ஆய்வுலகுக்குத் தந்தார். நிலக்கரிச் சுரங்கத்தால் சிதைந்த பள்ளத்தாக்கிலே, வீட்டை விட்டுப் போகாமலே வீட்டை இழந்தவர்களின் துயரத்துக்கு அவர் இட்ட பெயர் அது. ஹோபரின் நோய் ஊரைப் பிரிந்தவருக்கு வருவது. அல்பிறெக்ற் கண்டது ஊர் தன்னை விட்டுப் பிரிந்தவருக்கு வருவது. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் இயல்பு கெட்டுப் பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்லும் கருத்தை அறிந்தவர் இங்கே நின்று சிந்திப்பர். பாலை தனக்கென நிலம் இல்லாத திணை. பிற நிலம் கெடும்போது தோன்றுவது. அதன் உரிப்பொருள் பிரிவு. இது தற்செயலான ஒப்புமையாக இருக்கலாம். ஆயினும் வேற்றுமொழியில் ஒரு சொல்லைப் புதிதாகக் கட்டவேண்டியிருந்த இடத்தில் தமிழிலே ஒரு சொல் முன்னரே இருந்தது என்பது உண்மை.

அட்டவணைகள் எண்ணாத இன்னொரு பெருந்தொகுதி உண்டு. அவை ஊர் வரலாற்று நூல்களும், பாடசாலை, கோயில், ஊர்ச் சங்கங்களின் மலர்களும் ஆகும். 1990களுக்குப் பின்னர் இவ்வகை வெளியீடுகள் புலம்பெயர்ந்த நாடுகளிலும் பெருகின. ஆய்வு முறைப்படி எழுதப்பட்டவை சிலவே. வாழ்த்துரைகளும் விளம்பரங்களும் பக்கங்களை நிரப்புவதுண்டு. எனினும் அவற்றைப் பொறுமையோடு புரட்டுபவர் ஒழுங்கைகளின் பெயர், குளங்களின் பெயர், வளவுகளின் பெயர், ஆலமரம் நின்ற இடம், கூத்து நடந்த வெளி ஆகியவை எழுதிவைக்கப்பட்டிருப்பதைக் காண்பார். ஒஸ்கலூசாவிலே பார்க்கர் கூலி கொடுத்துச் செய்வித்த வேலையை இங்கே ஊரை இழந்தவர்கள் நினைவிலிருந்து செய்தனர். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அந்த இழப்பின் நினைவு இவ்வெளியீடுகளைச் சேர்த்துவைக்கும் ஆர்வத்துக்குப் பின்னால் நின்றது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இவற்றுள் பலவற்றை எண்ணிம வடிவில் எவரும் படிக்கத் திறந்து வைத்திருக்கிறது. இடப்பற்று பற்றிய அடுத்த மதிப்பீட்டை எழுதுபவர் தமிழ் படிக்கத் தெரிந்தவராயின் அவருக்கு இது பொன் விளையும் நிலம்.

அந்நூல்களின் குறையையும் மறைத்தலாகாது. ஏக்கத்தோடு எழுதியவர்கள் ஊரை ஒரு குடும்பமாகவே வரைந்தனர். கிணற்றங்கரையைப் பற்றி அவர்கள் எழுதும்போது குளிர்ந்த நீரும் பங்குமுறையும் பேசப்படும். சாதி காரணமாக அக்கிணற்றில் அள்ள இயலாமல் நின்றவர் பேசப்படுவது அரிது. பார்க்கரின் முறைப்படி ஒருவர் கிணற்றங்கரையில் இருந்து நாள் முழுதும் குறிப்பெடுத்திருந்தால், அள்ளியவரும் அள்ளி ஊற்றும்வரை காத்திருந்தவரும் அந்தக் குறிப்பில் இடம்பெற்றிருப்பர். இடப்பற்றை அளக்கும் மேலை வினாக்கொத்துக்களிலும் இக்குறை உண்டு. இடத்தை விரும்புகிறீரா என்று கேட்பவர், அந்த இடம் உம்மை எங்கே நிறுத்தியது என்று கேட்பதில்லை.

தீவகத்திலே கிணறு வெறும் காட்சிப்பொருளன்று. சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் மணலிலும் மாரிமழை ஊறி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் வில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும் என்பது நீரியலாரின் பொதுக் கணக்கு. மிகுதியாக இறைத்தால் அவ்வில்லை மெலிந்து உவர் மேலெழும். சாட்டியின் மணற்பாங்கான நிலத்துக் கிணறுகள் நன்னீருக்குப் பெயர்பெற்றவை. நீர் உவர்ந்த அயலூர்களுக்கும் அங்கிருந்து குடிநீர் சென்றிருக்கிறது. ஆகவே இங்கே நிலத்தின்மேலுள்ள பற்று நீரின் சுவையிலே தங்கியிருக்கிறது. பெண் கொடுப்பவர் அந்த ஊர்த் தண்ணீர் எப்படி என்று விசாரிக்கும் வழக்கத்தை வெறும் பேச்சென்று தள்ளிவிட முடியாது.

போர் முடிந்த 2009க்குப் பின்னர் மீள்குடியேற்றம் வேகம் பெற்றது. திரும்பியவர்கள் போனவர்களிற் சிலரே. கூரையற்ற வீடுகளும் பற்றை மூடிய வளவுகளும் வேலணையிலும் புங்குடுதீவிலும் நெடுங்காலம் காணக்கிடந்தன. மீள்குடியேற்றத்தின் அறிக்கைகள் வீடுகளையும் குடும்பங்களையும் ஏக்கர்களையும் கணக்கிட்டன. இடப்பற்று ஆய்வு பெரிதும் பேசியது இழந்தவர்களைப் பற்றி. இருபது ஆண்டுகள் கழித்து, பிள்ளைகள் வேறு மண்ணில் வளர்ந்துவிட்ட நிலையில், திரும்பி வந்து நிற்பவரைப் பற்றி அது மிகக் குறைவாகவே பேசியுள்ளது. அப்படி வந்தவர்கள் செய்த முதல் வேலைகளுள் ஒன்று கிணற்றை இறைத்துத் துப்புரவாக்குவது. சேற்றையும் இலைகுழையையும் அள்ளி, நீர் ஊறும்வரை காத்திருந்து, ஒரு வாய் அள்ளிக் குடித்துப் பார்த்து, அது இன்னும் நன்னீர்தானா என்று அவர்கள் முதலில் அறிந்துகொண்டனர்.